தம்பிக்கு என்ன பரிசு?

பிறந்தநாள், தீபாவளி, பள்ளிப் பரிசளிப்பு விழா என ஆண்டு முழுவதும் பரிசு வாங்க வேண்டிய வேளைகள் வந்துகொண்டே இருக்கின்றன. தொடக்கப்பள்ளியில் பயிலும் ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான சிறுவர்களுக்குப் பரிசு வாங்குவது எளிது என்று பலரும் நினைக்கின்றனர். கடைக்குள் நுழைந்து, கண்ணைக் கவரும் பெட்டி ஒன்றை எடுத்துப் பணம் செலுத்திவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்களின் எண்ணம். அந்த எண்ணம் சரிதானா? இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் பயிலும் மாணவி ஒருத்தி தன் அனுபவத்தைக் கூறுகிறாள். வாசித்துப் பாருங்கள்.

சென்ற ஆண்டுப் பரிசு

சென்ற ஆண்டு என் தம்பிக்கு எட்டு வயது நிறைவடைந்தது. என் சேமிப்பிலிருந்து அவனுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எங்கள் வீட்டருகே வாரத்திற்கு ஒருமுறை கூடும் இரவுச் சந்தையில், விளக்கு மினுக்கியபடி சுழன்று நடக்கும் இயந்திர மனிதன் ஒன்றைக் கண்டேன். பெட்டி பெரியது, விலை முப்பத்தைந்து ரிங்கிட். பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. "தம்பி துள்ளிக் குதிப்பான்" என்ற ஒரே நினைப்புடன் வாங்கி வந்தேன்.

அவன் துள்ளிக் குதித்தது உண்மைதான். ஆனால் அந்த மகிழ்ச்சி மூன்று நாள் நீடித்தது. நான்காம் நாள் பொம்மையின் கை ஒடிந்தது. அதன்பின் அது நாற்காலிக்குக் கீழே ஒதுங்கிக் கிடந்தது. தம்பியோ அது வந்த அட்டைப்பெட்டியில் சன்னல் வெட்டி, வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் வாரம் ஒரு மாலைப் பொழுதில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று அலறினார். ஒன்றரை வயதுத் தங்கையின் கையில் சட்டைப் பொத்தான் போன்ற ஒரு மின்கலம் இருந்தது. பொம்மையின் முதுகு மூடி கழன்று கிடந்தது. அதில் மூன்று மின்கலங்கள் இருந்திருக்க வேண்டும். ஒன்று தங்கையின் கையில் இருந்தது. ஒன்று பாயின்மேல் கிடந்தது. மூன்றாவதைக் காணவில்லை.

வீடு முழுவதும் தேடினோம். கிடைக்கவில்லை. "இதற்குமேல் தேடிக்கொண்டிருக்கக் கூடாது" என்று கூறிய அப்பா, தங்கையைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடினார். மருத்துவமனையில் தங்கைக்கு ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் வரும்வரை நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. அம்மா என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு மேலும் வலித்தது.

"வயிற்றில் ஒன்றும் இல்லை" என்று மருத்துவர் சொன்னபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. காணாமல் போன மின்கலத்தை மறுநாள் துணிக்கூடையின் அடியில் கண்டெடுத்தோம்.

அன்று மருத்துவர் கூறிய விளக்கத்தை நான் மறக்கவே மாட்டேன். பொத்தான் மின்கலம் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், உள்ளே இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து மின்னோட்டம் உண்டாகிச் சதையை அரித்துவிடும். இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையான காயம் ஏற்படக்கூடும். எனவே, குழந்தை அதை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், காத்திருக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். "அப்பா செய்ததுதான் சரி" என்றார் அவர்.

பெட்டியைத் திருப்பிப் பார்

அடுத்த வாரம் அப்பா என்னை அருகில் அமர்த்தி, அந்தப் பொம்மை வந்த பெட்டியை என் கையில் கொடுத்தார். தம்பி வெட்டிய சன்னல்கள் அதில் அப்படியே இருந்தன.

"இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லம்மா" என்றார்.

நான் எல்லாப் பக்கங்களையும் பார்த்தேன். தயாரிப்பாளரின் பெயர் இல்லை. எந்த வயதினருக்கு ஏற்றது என்ற குறிப்பும் இல்லை.

"எம்.சி. குறியீடும் இல்லை, பார்த்தாயா?" என்றார் அப்பா.

நம் நாட்டில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களுக்குப் பாதுகாப்புத் தர விதிமுறைகள் உள்ளன. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2009-ஆம் ஆண்டில் அவ்விதிமுறைகள் வகுக்கப்பட்டன. அவற்றுக்கு உட்பட்ட விளையாட்டுப் பொருள்களில் எம்.சி. என்னும் குறியீடு இருக்க வேண்டும். இந்த விவரத்தை அப்பா அன்றுதான் எனக்குச் சொன்னார். குறியீட்டைத் தேட எனக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடியது அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தை நான் செலவிடவில்லை.

அன்று அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு தாளில் சில குறிப்புகளை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன.

1. பெட்டியில் எம்.சி. குறியீடும் வயதுக் குறிப்பும் உள்ளனவா?
2. மின்கலம் வைக்கும் இடத்தின் மூடி, திருகாணியால் முடுக்கப்பட்டுள்ளதா?
3. எளிதில் கழன்று விழும் சிறு பாகங்கள் உள்ளனவா? மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அவை ஆபத்தானவை.
4. சிறிய, வலிமையான காந்தங்கள் உள்ளனவா? ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால், குடலுக்குள் அவை ஒன்றையொன்று இழுத்துச் சதையைக் கிழித்துவிடும்.
5. மிதிவண்டி, சறுக்குக் காலணி போன்றவற்றை வாங்கினால், தலைக்கவசத்திற்கும் சேர்த்துப் பணம் உள்ளதா?

பரிசு பெறுபவர் ஒருவர்தான். ஆனால் பரிசு வந்து சேரும் வீட்டில் அவருடைய தம்பி தங்கைகளும் இருக்கிறார்கள். எட்டு வயதுச் சிறுவனுக்குத் தீங்கு விளைவிக்காத பொருள், ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். இதுவே நான் கற்ற முதற்பாடம்.

பாட்டியின் அறிவுரை

இவ்வாண்டு தம்பி மூன்றாம் ஆண்டில் பயில்கிறான். ஒன்பதாம் பிறந்தநாள் நெருங்கியது. என்னிடம் அறுபது ரிங்கிட் சேமிப்பு இருந்தது. தம்பியோ டேப்லட் வேண்டும் என்று பல நாள்களாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய வகுப்பு நண்பனிடம் ஒன்று இருந்ததாம். அப்பாவின் வருமானத்தில் அது இயலாது என்பது எனக்குத் தெரியும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டுமல்லவா? என்ன வாங்குவது என்று புரியாமல் பாட்டியிடம் கேட்டேன்.

"கடைக்குப் போகும் முன் உன் தம்பியைப் பார், கண்ணு" என்றார் பாட்டி.

"தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், பாட்டி!"

"அப்படியில்லை. ஒரு வாரம் கவனித்துப் பார். யாரும் சொல்லாமலேயே அவன் எதைத் தேடிப் போகிறான்? எதைச் செய்யும்போது சாப்பாட்டை மறக்கிறான்? அதை எழுதி வைத்துக்கொள். அப்புறம் பேசலாம்."

பாட்டி ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய சிறுவயதில் கடையில் வாங்கிய பொம்மை என்று எதுவும் இருந்ததில்லை. மண்ணில் இரண்டு வரிசையாகக் குழி தோண்டி, பால்மரத்தின் கொட்டைகளைப் பொறுக்கி வந்து பல்லாங்குழி ஆடுவார்களாம். பக்கத்து வீட்டு மலாய்த் தோழிகள் அதைப் போன்ற ஆட்டத்தைச் சொங்காக் என்பார்களாம். இரண்டும் குழிகளில் காய்களை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் விளையாட்டுகளே. பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். சொங்காக்கிலும் பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். அத்துடன் இரு முனைகளிலும் காய்களைச் சேர்த்து வைக்க வீடு எனப்படும் பெரிய குழி ஒன்று உண்டு. குழிக்கு ஏழு காய் வைத்துத் தொடங்கினால் மொத்தம் தொண்ணூற்றெட்டுக் காய்கள். "எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் பாதி, பால்மரக் கொட்டை பாதி" என்று பாட்டி அடிக்கடி கூறுவார்.

பாட்டி சொன்னபடியே ஒரு வாரம் தம்பியைக் கவனித்தேன். பழைய பயிற்றுப்புத்தகம் ஒன்றில் குறித்துக்கொண்டேன்.

திங்கள்: என் பேனாவைக் கழற்றி, அதன் உள்ளே இருக்கும் சுருள்கம்பியை எடுத்துவிட்டான். திட்டினேன்.
புதன்: அப்பா மிதிவண்டிச் சங்கிலியை மாட்டும்போது அருகிலேயே நின்றான். உணவு உண்ண மூன்று முறை அழைத்தும் வரவில்லை.
வியாழன்: கதைப்புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டி மூடிவிட்டான்.
சனி: ஒடிந்துபோன அந்த இயந்திர மனிதனின் பற்சக்கரங்களை எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

எழுதியதை மீண்டும் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஓராண்டாக நான் "குறும்பு" என்று திட்டியது உண்மையில் அவனுடைய ஆர்வம். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று அறிய அவன் விரும்பினான். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

வயதிற்கேற்ற தேர்வு

தொடக்கப்பள்ளி மாணவர் எல்லாரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். ஏழு, எட்டு வயதில் சிறுவர்கள் விதிமுறை உள்ள விளையாட்டுகளைச் சேர்ந்து ஆடக் கற்றுக்கொள்கின்றனர். தாயம், கேரம், சொங்காக் போன்றவை அவர்களுக்குப் பொருந்தும். அவற்றில் காத்திருக்கவும் தோல்வியைத் தாங்கவும் பழகுகின்றனர். பத்து வயதைக் கடந்தவர்கள் ஏதேனும் ஒரு திறனில் தேர்ச்சிபெற விரும்புகின்றனர். ஓவியம், பூப்பந்து, சதுரங்கம், சமையல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டம் இருக்கும். அவர்களிடம் சிறு குழந்தைகளுக்கான பொம்மையைக் கொடுத்தால், "என்னை இன்னும் குழந்தையாகவே நினைக்கிறார்களே" என்று மனம் சுருங்கிப் போவர்.

சில பொருள்கள் குழந்தையோடு சேர்ந்து வளரும். லெகோ கட்டைகளை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் ஊரில் ஒலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் மர விளையாட்டுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். அவருடைய நிறுவனமே பின்னாளில் இணைப்புக் கட்டைகளை உருவாக்கியது. 1958-இல் அக்கட்டைக்குக் காப்புரிமை கோரப்பட்டது. அந்த வடிவில் அன்று செய்த கட்டை, இன்று செய்யும் கட்டையோடும் பொருந்தும். ஏழு வயதில் வீடு கட்டிய சிறுவன், அதே கட்டைகளைக் கொண்டு பதினோரு வயதில் பாலம் கட்டலாம். விளக்கு மினுக்கும் பொம்மையோ ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும். அதைச் செய்வதும் பொம்மைதான். குழந்தை வேடிக்கை பார்க்கும், அவ்வளவே.

பரிசின் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மின்கலம், இணையக் கட்டணம், வைக்க இடம், கற்றுக்கொடுக்க ஆள் என்று பின்தொடரும் தேவைகள் பல. வளர்ப்புப் பிராணி, கைப்பேசி போன்றவற்றைப் பிறர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன், அவர்களின் பெற்றோரைக் கேட்டுக்கொள்வதே முறை. நாம் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். நாள்தோறும் அதைக் கவனிக்க வேண்டியவர்கள் அவர்கள்தாமே!

பிறந்தநாள்

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு தம்பிக்கான பரிசைத் தேர்ந்தெடுத்தேன். இரும்புக் கடையில் பதினெட்டு ரிங்கிட்டுக்குச் சிறிய திருப்புளிகள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினேன். ஆறு ரிங்கிட்டுக்குத் தடித்த அட்டை போட்ட குறிப்பேடு ஒன்றும், நான்கு ரிங்கிட்டுக்குச் சிறு சிறு அறைகள் உள்ள மூடிபோட்ட நெகிழிப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். பாட்டி தம் அறையில் ஓடாமல் நின்றுபோயிருந்த சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்தார். அது விரல் அளவு மின்கலத்தில் இயங்குவது. மின்கலத்தை அப்பா முன்னதாகவே எடுத்துவிட்டார். "சுவரில் செருகும் மின்சாரப் பொருள் எதையும் கழற்றக் கூடாது. கழற்றுவது தங்கை தூங்கும் நேரத்தில்தான். முடிந்ததும் எல்லாப் பாகங்களும் மூடிபோட்ட பெட்டிக்குள் போய்விட வேண்டும்" என்று விதிமுறையும் வகுத்தார். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அப்பா தம் கையால் எழுதினார்: "ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணி முதல் பத்து மணி வரை, அப்பா உன்னோடு."

பிறந்தநாளன்று தம்பி பரிசைப் பிரித்தான். அவன் முகம் வாடியது.

"டேப்லட் இல்லையா, அக்கா?" என்று மெல்லக் கேட்டான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லடா தம்பி. அதற்கு அக்காவிடம் பணமில்லை. ஆனால் இதை நீ கழற்றலாம். யாரும் திட்ட மாட்டார்கள்" என்றேன்.

அவன் கடிகாரத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "முழுதாகவா?" என்றான்.

"முழுதாக."

முதல் ஞாயிறு அப்பாவும் தம்பியும் மேசையில் பழைய துணியை விரித்துக் கடிகாரத்தைக் கழற்றினர். பற்சக்கரங்கள், செம்புக் கம்பிச் சுருள், சிறு உருளைக்குள் அடங்கிய படிகம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்தப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்வதாகவும், அந்த அதிர்வை எண்ணியே கடிகாரம் ஒரு நொடியை அளப்பதாகவும் அப்பா விளக்கினார். தம்பி வாயைப் பிளந்தான். மீண்டும் பூட்டியபோது இரண்டு பாகங்கள் மிஞ்சின. கடிகாரம் ஓடவில்லை.

இரண்டாம் ஞாயிறு, எந்தப் பாகத்தை எப்போது எடுத்தோம் என்பதை வரைந்து வைத்துக்கொள்ளும்படி அப்பா சொன்னார். தம்பி குறிப்பேட்டில் படம் வரைந்தான். பெயர் எழுத வேண்டும் என்பதற்காக என்னிடம் வந்து, "அக்கா, பற்சக்கரத்துக்கு எந்த 'ற்'?" என்று கேட்டான். கதைப்புத்தகத்தை இரண்டு பக்கத்தில் மூடியவன், அன்று ஒரு பக்கம் முழுவதும் எழுதினான்.

மூன்றாம் ஞாயிறு கடிகாரம் ஓடியது. என்ன பழுது இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பல்லிடுக்கில் படிந்திருந்த தூசியாக இருக்கலாம் என்றார் அப்பா. பாட்டி அதை மறுபடியும் தம் அறையில் மாட்டிக்கொண்டார்.

என்னிடம் இன்னும் முப்பத்திரண்டு ரிங்கிட் மிச்சம் இருக்கிறது. அடுத்து என்ன வேண்டும் என்று தம்பியைக் கேட்டேன். "ஒன்றும் வாங்க வேண்டாம். சனிக்கிழமை என்னை நூலகத்துக்கு அழைத்துக்கொண்டு போ. கடிகாரத்தைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றான்.

டேப்லட் ஆசை அவனை விட்டுப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் சில நேரம் கேட்கிறான். ஆனால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேசையில் துணியை விரித்துவிட்டு அப்பாவுக்காகக் காத்திருப்பவன் அவன்தான்.

மாணவர்களே, பரிசைத் தேர்ந்தெடுப்பது கடையில் தொடங்குவதில்லை. குழந்தையைக் கவனிப்பதில் தொடங்குகிறது. பாதுகாப்பானதா, வயதிற்கு ஏற்றதா, ஆர்வத்தை வளர்ப்பதா, நம் சக்திக்கு உட்பட்டதா என்று எண்ணிப் பார்த்தபின் வாங்குங்கள். வாங்கிய பொருளோடு உங்கள் நேரத்தையும் சிறிது சேர்த்துக் கொடுங்கள்.

அருஞ்சொற்பொருள்

ஊடுகதிர்ப் படம் – உடலின் உட்பகுதியைக் காட்டும் எக்ஸ்ரே படம்
பயனீட்டாளர் – பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர்
திருகாணி – திருகி முடுக்கும் மரையுள்ள ஆணி
திருப்புளி – திருகாணியை முடுக்கவும் கழற்றவும் பயன்படும் கருவி
காப்புரிமை – ஒன்றைப் புதிதாக உருவாக்கியவருக்குச் சட்டம் வழங்கும் தனியுரிமை

கருத்துணர் வினாக்கள்

1. சென்ற ஆண்டு மாணவி வாங்கிய பரிசில் இருந்த குறைகள் யாவை?
2. மின்கலத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் தந்தை மருத்துவமனைக்கு விரைந்தது ஏன் சரியான முடிவாகும்?
3. "அதுதான் எனக்கு மேலும் வலித்தது" என்று மாணவி கூறுவதற்கான காரணத்தை விளக்குக.
4. தம்பியின் "குறும்பு" பற்றிய மாணவியின் எண்ணம் எவ்வாறு மாறியது?
5. பரிசைப் பிரித்ததும் தம்பி ஏமாற்றம் அடைந்தான். நீங்கள் அந்த மாணவியாக இருந்தால் அவனிடம் என்ன கூறியிருப்பீர்கள்? ஏன்?

செயற்பாடு

உங்களுக்குத் தெரிந்த தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவரை ஒரு வாரம் கவனித்துக் குறிப்பெடுங்கள். முப்பது ரிங்கிட்டுக்கு மிகாமல் அவருக்கு ஏற்ற பரிசு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கான காரணங்களை வகுப்பில் எடுத்துரையுங்கள்.